எட்டு நாள் வைத்துப் பார்த்த வைரம்

ஆகஸ்ட் 5, திங்கள்

பட்டாணி, உன் டைரியில் எழுதுகிறேன். திட்டாதே. மில்லில் உனக்குக் கொடுத்த டைரி. ஜனவரி ஒன்றாம் தேதியில் மட்டும் ஒரு வரி எழுதியிருக்கிறாய். மற்றதெல்லாம் வெறும் பக்கம். நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும்.

இன்று உன் போன் அடித்தது. தினமும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். நகைக்கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சோலைராஜ் சார் இருக்காரா?" வெளியே போயிருக்கிறான் என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

"சீட்டு முடிஞ்சு மூணு மாசமாச்சு. நகை எடுக்க வரலையேன்னு கூப்பிட்டேம்மா."

பதினோரு மாதம் கட்டியிருக்கிறாய். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. பணமாகத் தருவார்களா என்று கேட்டேன். தர மாட்டார்களாம், நகையாகத்தான் எடுக்க வேண்டுமாம். நாமினி என்று என் பெயரைப் போட்டிருக்கிறாயாம், அதனால் நானே வந்து எடுக்கலாமாம். சீட்டு அட்டையைத் தேடியபோதுதான் இந்த டைரி கிடைத்தது. "வைரம். பிரின்சஸ் கட். பெரிசா எடுக்கணும், மோதிரம்" என்று எழுதியிருக்கிறாய்.

யாருக்கு என்று எழுதவில்லை. எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தண்ணீர் வந்தது. பிடித்தேன். ஒரு ஆளுக்கு இவ்வளவு குடம் எதற்கு என்று பிறகுதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நகைக்கடைக்குப் போனேன். உள்ளே ஏசி. கையில் ஒட்டியிருந்த பஞ்சைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். போனில் பேசிய பெண்தான் வைரம் காட்டுகிற இடத்தில் இருந்தாள். பெயர் நாகஜோதி. நீ இல்லை என்பதை அவளிடம் சொன்னேன். இறப்புச் சான்றிதழ் ஒரு ஜெராக்ஸ், என் ஆதார் ஒரு ஜெராக்ஸ், பில் போடும்போது கொண்டுவரச் சொன்னாள். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ வரவழைத்தாள்.

பிரின்சஸ் கட் என்றால் என்ன என்று கேட்டேன்.

"சதுரம்மா. மேல இருந்து பாத்தா சின்ன மைசூர்பாகுத் துண்டு மாதிரி இருக்கும். யாருக்கும்மா?"

"மருமகளுக்கு" என்றேன்.

"கை மெலிசா, பூசினாப்லயா?"

நான் அவள் கையைப் பார்த்ததில்லை. மெலிசு என்றேன்.

மூன்று கல் காட்டினாள். முதல் கல் பளிச்சென்று வெள்ளை, ஆனால் பொடி. உளுந்தம்பருப்பு அளவு இருக்கும். பெரிசாக என்று நீ எழுதியிருப்பதைச் சொன்னேன். "இந்தத் தொகைக்குப் பெரிசு வேணும்னா ரெண்டே வழிதாம்மா" என்றாள்.

ஒரு வழி மெஷினில் வளர்த்த வைரம். அதுவும் வைரம்தானாம். நல்ல பெரிசு, கண்ணைப் பறிக்கிறது. இன்னொரு வழி, குறை இருக்கிற கல். அதை எடுத்துக் காட்டும்போது அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். "கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். தங்கத்துல வச்சா தெரியாது. ஆழம் கம்மி, அதான் அகலமாத் தெரியுது. அப்புறம்..." லென்ஸைக் கையில் கொடுத்தாள். "அந்த மூலையில பாருங்க."

ஒரு கரும்புள்ளி. எறும்பின் தலையளவு கூட இல்லை.

"நம்ம பக்கம் புள்ளி இருந்தா தொட மாட்டாங்கம்மா. குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. ரெண்டு வருசமாக் கிடக்கு. சதுரக் கல்லுக்கு மூலைதான் உடையும், அதனால நாலு மூலையிலயும் தொப்பி மாதிரி தங்கம் கவ்வி நிக்கும். புள்ளி அதுக்கடியில போயிரும். நீங்களும் நானும் சொன்னாத்தான் உண்டு."

மெஷின் வைரத்துக்கு ராசி பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். சிரித்தாள். "அதுக்கு ஏதும்மா ராசி, அது கரண்டுல பொறந்தது."

ஊரில் எல்லாருக்கும் வைரத்தை ராசி பார்த்துத்தான் போடுகிறார்கள். அவளுக்கு மட்டும் ஏன் பார்க்காமல் போட வேண்டும் என்று நினைத்தேன்.

அவளுக்கு என்று எழுதிவிட்டேன். சரி, கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 10, சனி

கம்பெனியில் நாற்பது டஜன் பேண்டேஜ் துணி சுற்றினேன். கை அதுவாகச் சுற்றுகிறது. நான் எங்கேயோ இருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பூங்கனியிடம் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து துணி சுற்றுகிறவளிடம் எத்தனை நாள்தான் சொல்லாமல் இருப்பது.

"வைரமா? மதினி, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? செயினா எடுங்க. நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி செலவுன்னா அடகு வைக்கலாம். வைரத்தை எவன் அடகு பிடிப்பான்?"

"அவன் எழுதி வச்சிருக்கான்."

"எழுதி வச்சிருக்கான்னா... யாருக்கு?" பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த ஜெராக்ஸ் கடைக்காரிக்கா?"

நான் சுற்ற அடுத்த துணியை எடுத்தேன்.

"அன்னைக்கு நீங்கதான மதினி அவளைப் பேசாத பேச்சுப் பேசுனீங்க? தெருவே பாத்துச்சே. இப்ப வைரம் கொண்டு போய்க் குடுக்கப் போறீங்களாக்கும்."

அன்றைக்கு ஏதோ பேசினேன். யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது.

சுகந்தியைப் பற்றி நீ என்னிடம் போன தீபாவளிக்குச் சொன்னாய். உன்னைவிட மூன்று வயது மூப்பு. புருஷன் பட்டாசு ஆலை வெடியில் போய்ச் சேர்ந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. நான் மாட்டேன் என்றேன். ராசி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாய். அந்த மாதமும் சீட்டுக் கட்டியிருக்கிறாய். அட்டையில் தேதி இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

புள்ளிக் கல்லையே எடுத்து வந்தேன். முதலாளியிடம் நாகஜோதி பேசினாள். சீட்டுப் பணம் கடையில்தானே கிடக்கிறது, எட்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்டால் மோதிரம், இல்லாவிட்டால் வேறு கல். வெள்ளைத் தாளுக்குள் நீலத் தாள், அதற்குள் கல். மருந்துக் கடையில் பொடி மடித்துக் கொடுப்பதுபோல மடித்திருக்கிறார்கள்.

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு பயந்துபோய் பீரோவில் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றினார்கள். லீவு. ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றியது. கல்லின் குற்றம் இல்லை. அடுப்பு முன்னாடியே நின்றிருந்தேன், பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. கெட்ட கல் என்றால் வீட்டில் சண்டை வரும் என்கிறார்கள். யாரோடு வரும். நோய் வரும் என்கிறார்கள். பொருள் போகும், உயிர் போகும் என்கிறார்கள். ராத்திரி தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். கனவும் இல்லை.

உன் அப்பா போனபோது உன் பெரிய அத்தை வாசலில் வைத்து என்னை ஒரு வார்த்தை சொன்னாள். உனக்கு அப்போது நாலு வயது, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த வார்த்தை எனக்கு அப்படியே மனப்பாடம்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அரிசி ஊறவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அந்த மூன்றாம் நாள் வார்டு வாசலில் சுகந்தி வந்து நின்றாள். கையில் இளநீர். இது நீ கேட்டிருக்க மாட்டாய், தூங்கிக்கொண்டிருந்தாய். நான் கதவைச் சாத்தினேன். நாலாம் நாளும் வந்தாள். நர்ஸிடம், அந்தப் பிள்ளையை உள்ளே விடாதே என்றேன். ஐந்தாம் நாள் நீ சுகந்தி என்று அவள் பெயரைச் சொன்னாயா, சுகமாயிட்டா என்று ஏதாவது சொன்னாயா, என் காதில் சரியாக விழவில்லை.

விழுந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

எட்டு நாள் முடிந்தது. கடைக்குப் போனேன். "எப்படிம்மா, வீட்டுல எல்லாம் நல்லாருக்கா?" என்று கேட்டாள் நாகஜோதி. நல்லாருக்கு, ஒன்றும் ஆகவில்லை, மோதிரம் செய்யக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"மருமகப் பொண்ணு உங்ககூடத்தான இருக்கு?"

"இல்ல. அது அதோட வீட்டுல இருக்கு."

பேனாவை வைத்துவிட்டாள். "அப்ப எட்டு நாளும் கல்லு உங்ககிட்டயா இருந்துச்சு? என்னம்மா நீங்க! போடுறவங்ககிட்டல்ல வச்சுப் பாக்கணும். உங்க வீட்டுல வச்சா உங்களுக்குப் பாத்த மாதிரி. அந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கிடுதான்னு எப்படித் தெரியும்?"

இதுகூடத் தெரியாமல் எட்டு நாள் காவல் காத்திருக்கிறேன். இந்த வீட்டில் இனிமேல் போக என்ன இருக்கிறது, அந்தக் கல்தான் என்ன செய்யும்.

இன்னும் எட்டு நாள் தந்திருக்கிறாள். "அவங்க கையில குடுங்கம்மா. அப்படியே விரல் அளவும் வாங்கிட்டு வந்துருங்க. ஜெராக்ஸையும் மறந்துராதீங்க."

ஆகஸ்ட் 23, வெள்ளி

சுகந்தியின் கடைக்குப் போனேன். கல் இடுப்பில் இருந்தது. ஆதாரை எடுத்து நீட்டினேன்.

"முன்ன பின்ன ரெண்டுமா?"

"ஆமா."

"நாலு ரூவா."

கொடுத்தேன். வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்தேன். ரேஷன் கார்டு யாரும் கேட்கவில்லை. அவள் கை மெலிசுதான். ஆள்காட்டி விரலில் மை.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று பெரிசாக எழுத வேண்டும். எழுதிவிட்டுத்தான் சோறு.

வேலை முடிந்து நேராகப் போனேன். கடையில் வேறு ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் மெஷின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை கார்டு இருக்கு உங்ககிட்ட?" என்றாள். சிரிக்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை.

உன் இறப்புச் சான்றிதழை நீட்டினேன்.

வாங்கிப் படித்தாள். மேலே இருந்து கீழே வரைக்கும், எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். பிறகு கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடினாள். வெளிச்சம் ஒரு தரம் ஓடியது. தாள் வந்தது. அதை எடுத்து என்னிடம் தரவில்லை. மறுபடி பட்டனை அமுக்கினாள். இன்னொரு தாள் வந்தது.

"எனக்கு ஒண்ணுதான் வேணும்" என்றேன்.

"தெரியும். இது எனக்கு. எங்கிட்ட அவரு பேர் போட்ட காகிதம் ஒண்ணுகூட இல்ல. வச்சுக்கிடலாமா?"

அந்தக் காகிதத்துக்கு என்னிடம் அனுமதி கேட்டாள், பட்டாணி. வச்சுக்கோ என்றேன். மடித்துக் கல்லாவுக்குள் வைத்தாள்.

அப்புறம்தான் பொட்டலத்தை எடுத்து அந்த மெஷின் மேல் வைத்தேன். சீட்டுக் கதையைச் சொன்னேன். டைரியைச் சொன்னேன். பிரித்துப் பார்த்தாள், தொடவில்லை.

"எங்கிட்டயும் கேட்டாரு. மோதிரம் போட்டா மெஷின் மூடியில இடிக்குமான்னு கேட்டாரு. எதுக்குக் கேக்கிறீங்கன்னேன், சும்மான்னாரு. ரவுண்டு எல்லாரும் போடுறாங்க, சதுரந்தான் உனக்குன்னாரு. உங்கம்மா சம்மதிக்காம நான் வர மாட்டேன்னுட்டேன். சம்மதிப்பாங்க, அவசரப்படுத்தாதன்னாரு."

நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் செம்பருத்தி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

எட்டு நாள் அவள் வைத்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும், புள்ளி இருக்கிற கல், அதனால் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கடையில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

பொட்டலத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"ராசி பாக்கிறதுக்கா இத்தனை நடை நடந்தீங்க? எட்டு நாள்ல எனக்கு ஒரு தலைவலி வந்தா, கல்லு சரியில்லைன்னு சொல்வீங்களா, நான் சரியில்லைன்னு சொல்வீங்களா?"

"அப்படி இல்லத்தா..."

"புருசனைத் தின்ன, எம்புள்ளையையும் தின்னுட்டு வந்து நிக்கிறியேடின்னீங்க. நான் ஒரு மாலை வாங்கிட்டு வந்தேன். போடக்கூட விடல. தெருவுல வச்சுச் சொன்னீங்க. எங்கம்மாவும் பக்கத்துல நின்னுச்சு. இப்பவும் கடைக்கு வர்றவங்க, சில்லறைய என் கையில குடுக்காம மேசையில வைக்கிறாங்க."

அவள் இட்டுக்கட்டவில்லை. தின்னுட்டு வந்து நிக்கிறியேடி என்பது உன் பெரிய அத்தை எனக்குச் சொன்ன வார்த்தை. அதை ஒரு எழுத்து மாறாமல் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

உட்கார ஸ்டூல் போட்டாள். உட்கார்ந்தேன். ஒரு காலேஜ் பெண் வந்து ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனது.

"மோதிரத்தை வாங்கிக்கிறேன்" என்றாள் அப்புறம். "அவரு வாங்குனது. எனக்கு வேணும். ராசியெல்லாம் பாக்க மாட்டேன். ஆனா இங்க வச்சுக் குடுத்துட்டுப் போயிராதீங்க. அன்னைக்குத் தெருவுல வச்சுச் சொன்னீங்கல்ல, இதையும் அதே தெருவுல வச்சுப் போட்டு விடுங்க. எல்லாரும் பாக்கட்டும். முடியலைன்னா வேண்டாம். கல்லைத் திருப்பிக் குடுத்துட்டுச் செயின் எடுத்துக்கோங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

ஒரு வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். விரலில் சுற்றி, முனை சேருகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். என் கையில் கொடுத்தாள். நான் கிளம்பும் வரைக்கும் என்னை முறை சொல்லி ஒன்றும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. படுத்திருந்தேன். முடியாது என்றுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன்

பூங்கனி வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெருவுலயா? என்ன திமிரு பாருங்க அவளுக்கு" என்றாள். "வீட்டோட குடுத்தா ஆகாதாமா மகராணிக்கு?"

"நான் வீட்டோடயா பேசுனேன்?"

பூங்கனி முறத்தை எடுத்துக் காரணமே இல்லாமல் என் அரிசியைப் புடைத்தாள். போகும்போது, "என்ன கிழமைன்னு சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன். ஒத்தையில நிக்காதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கடைக்குப் போய் அளவுத் துண்டைக் கொடுத்தேன். ஜெராக்ஸ் இரண்டும் கொடுத்தேன். "ஒத்துக்கிடுச்சாம்மா?" என்றாள் நாகஜோதி. ராசி பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தாள். "பில்லுல அதெல்லாம் எழுத இடம் இல்லம்மா" என்றாள். அதன் பிறகு தங்கத்தின் எடைக்குப் போய்விட்டாள். தங்கத்துக்கு உனக்குக் காது குத்திய கடுக்கனையும், என் தாலியில் இருந்த இரண்டு குண்டையும் போட்டேன். நாலு மூலையிலும் கவ்வு. பதினைந்து நாள் ஆகும் என்றவள், ஆசாரியிடம் பேசி அடுத்த வெள்ளிக்கே தருவதாகச் சொன்னாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பேண்டேஜ். நாற்பத்திரண்டு டஜன்.

செப்டம்பர் 6, வெள்ளி

மோதிரம் வந்துவிட்டது. புள்ளி தெரியவில்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன். பெரிசாகத்தான் இருக்கிறது, பட்டாணி. நீ சொன்ன மாதிரி பெரிசு.

கடைக்குப் போய், ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வா என்று சொன்னேன். சரி என்றாள்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. இந்த வருஷம் நமக்கு இல்லை. பக்கத்து வீட்டில் கொழுக்கட்டை கொடுத்தார்கள். இரண்டு தின்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஞாயிறு காலை நம் தெருமுனைக் கறிக்கடையில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று உனக்குத் தெரியும். அதற்குத்தான் அந்த நேரம் சொன்னேன். செய்தால் குறைவில்லாமல் செய்ய வேண்டும்.

அவள் தனியாகத்தான் வந்தாள். சந்தனக் கலர் சேலை. கறிக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். தூக்குவாளியும் பையுமாக ஒவ்வொருத்தராக நம் வாசல் பக்கம் வந்து நின்றார்கள். பூங்கனி எனக்குப் பின்னால் வந்து நின்றாள், என் முதுகில் அவள் மூச்சு பட்டது.

நான் சொன்னேன். ராத்திரி நினைத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு இதே இடத்துல வச்சு இந்தப் பிள்ளைய நான் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாரும் கேட்டீங்க. அது பொய். எம்புள்ள காய்ச்சல்ல செத்தான். இவளுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. அவன் இவளைக் கட்டிக்கிடணும்னு இருந்தான். நாந்தான் விடல." இவ்வளவுதான் வந்தது. குரல் பெரிதாகவும் இல்லை. பின்னால் நின்ற ஒருத்தர், "என்ன சொல்லுது, கேக்கலையே" என்றார். பூங்கனி திரும்பி, "பொய்யாம்! அன்னைக்குச் சொன்னது பூரா பொய்யாம்! இப்பக் கேட்டுச்சா?" என்று கத்தினாள்.

மோதிரத்தை எடுத்தேன். சுகந்தி கையை நீட்டினாள். விரல் கணுவில் கொஞ்சம் பிடித்தது, அப்புறம் இறங்கிவிட்டது. வெயில் பட்டுக் கல்லில் ஒளி தெறித்தது. "ஆத்தாடி, என்னா பெரிசு" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

போட்ட பிறகும் அவள் கையை நான் விடவில்லை. மோதிரம் போடுகிறவர்கள் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார்களே. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சொல் வரவில்லை. கறிக்கடையில் தராசு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாரேன்" என்று சொல்லி அவளே கையை எடுத்துக்கொண்டாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கையை மறைக்காமல் வீசி நடந்தாள்.

பிறகு கறி வாங்கினேன், கால் கிலோ. குழம்பு வைத்தேன். இன்னும் தொடவில்லை.

பதினோரு மாதம் மனசுக்குள் வைத்துக் கட்டியிருக்கிறாய், பட்டாணி. அவள் விரலில் போடும்போது சொல்வதற்கு என்ன வார்த்தையை வைத்திருந்தாய்?